எறும்பு தவழும் வீடு

ஜூன் 3

மாஸ்டருக்கு,

தெருவே உங்களை அப்படித்தானே கூப்பிடுகிறது, நானும் இன்றைக்கு அப்படியே எழுதுகிறேன். கோபமாக இருக்கிறேன் என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள்.

"எறும்பு தவழ ஆரம்பித்துவிட்டாள்" என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதுவும் பக்கத்து வீட்டுக் குழாய் உடைந்த சங்கதிக்குக் கீழே. படித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆஸ்பத்திரி வார்டில் பக்கத்துக் கட்டில் டீச்சரம்மாவைத் தட்டி எழுப்பி, "என் பொண்ணு தவழ்றா" என்றேன். அவர் முகமூடிக்குள்ளேயே சிரித்தார். அப்புறம்தான் நம் வீடு கண்முன்னால் வந்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

முன்னறையில் உங்கள் தையல் கடை, பின்னறையில் நம் குடித்தனம். நடுவில் இருப்பது ஒரு திரைச்சீலை. கடைத் தரையில் குண்டூசி இல்லாத இடத்தை எனக்குக் காட்டுங்கள் பார்க்கலாம். பொத்தான் டப்பாவுக்கு மூடி கிடையாது. இஸ்திரிப் பெட்டியின் வயர் மேசையிலிருந்து தொங்கிக்கொண்டே இருக்கும். இதற்கு நடுவில், கிடைத்ததையெல்லாம் வாயில் போடும் ஒரு குழந்தை. உங்கள் சட்டைப் பொத்தானைக் கவ்விக்கொண்டு விடவே மாட்டாள் என்றுதானே அவளுக்கு எறும்பு என்று பட்டப்பெயர் வைத்தீர்கள்?

டாக்டர் நேற்றும் அதையேதான் சொன்னார். மருந்து கேட்கிறதாம், ஆனால் பாதியில் விட்டால் நெஞ்சில் இருக்கும் காசநோய் இரண்டு மடங்காகத் திரும்பி வருமாம். வருடக் கடைசிக்கு முன்னால் என்னை விடமாட்டார்கள். அதனால் யோசித்துத்தான் எழுதுகிறேன். எறும்பை என் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். அவள் மூன்று பிள்ளைகளை வளர்த்தவள், வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும்.

உங்களைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். ஆனால் தைக்க உட்கார்ந்துவிட்டால் உங்களுக்குத் தெருவில் இடி விழுந்தாலும் கேட்காது. எனக்கு அதுதான் பயம். இங்கே படுத்துக்கொண்டு வேறு எதைப் பற்றித்தான் நினைக்க முடிகிறது?

உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 11

எறும்பின் அம்மாவுக்கு,

குழந்தையைக் கொடுக்க மாட்டேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடிதம் முழுக்க அதையே தேடிக்கொண்டு போவாய், மற்றதெல்லாம் மனதில் பதியாது.

தைக்கும்போது எனக்குக் காது கேட்காது என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். அதனால் அவள் விழித்திருக்கும்போது மெஷினில் உட்காருவதில்லை. அவள் தூங்கினால் தைக்கிறேன், எழுந்தால் நிறுத்துகிறேன். பாதி காலர் பாதியிலேயே நிற்கும். வாடிக்கையாளர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுத்துவிட்டு மறுநாள் வருகிறார்கள்.

உன் கடிதம் வந்த அன்று கடையைச் சாத்திவிட்டு நானும் தரையில் இறங்கினேன். கையும் முழங்காலும் ஊன்றி அவள் முன்னால், நான் பின்னால். நின்றுகொண்டு பார்த்தால் நம் வீடு சுத்தமான வீடு. தவழ்ந்து பார்த்தால் அது வேறு வீடு. பீரோவுக்கு அடியில் இரண்டு ஊசி. நீ தேடித் தேடி அலுத்துப்போன கம்மல் திருகு. கட்டில் காலுக்குப் பின்னால் ஒரு மாத்திரை, சிவப்பாக, மிட்டாய் மாதிரி. நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் சாப்பிட்ட மாத்திரைதான். மேசைவிரிப்பின் நுனி சரியாக அவள் கைக்கெட்டும் உயரத்தில் தொங்குகிறது. அதை அவள் பிடித்து இழுத்தால் என் டீ டம்ளர் எங்கே வந்து விழும் என்று தரையில் படுத்துக்கொண்டு பார்த்தேன். விரிப்பை அன்றே மடித்து வைத்துவிட்டேன். டீயை இப்போது அவளைத் தொட்டிலில் விட்ட பிறகுதான் குடிக்கிறேன், பெரும்பாலும் ஆறிப்போய்.

திரைச்சீலை போன இடத்தில் தச்சரைக் கூப்பிட்டு இடுப்பளவுக்கு ஒரு கதவு போட்டாயிற்று. தாழ்ப்பாள் கடைப் பக்கம். "என்ன மாஸ்டர், உள்ள சிங்கமா வளக்குறீங்க?" என்கிறார்கள். "இல்ல, எறும்பு" என்கிறேன்.

இன்னொன்று. சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா ஒருவர் கைக்குழந்தைக்காரர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். போனேன். எல்லாரும் பெண்கள். "அம்மா வரலையா?" என்று கேட்டார். "நான்தான் அம்மா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், எறும்பும் சேர்ந்து சிரித்தாள், துரோகி. குழந்தையை மல்லாக்கத்தான் தூங்க வைக்க வேண்டுமாம், பக்கத்தில் தலையணை, போர்வை எதுவும் கூடாதாம். நீ சுற்றிலும் தலையணை அண்டக் கொடுப்பாயே, அதை எடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. போர்வைக்குப் பதிலாகக் கையில்லாத ஒரு பை மாதிரி சட்டை தைத்தேன். உள்ளே போட்டு மார்பு வரை பொத்தான் இல்லாமல் நாடா கட்டிவிட்டால் காலை உதைத்துக்கொண்டு தூங்குகிறாள். நர்ஸம்மா அதற்கு அளவு வாங்கிக்கொண்டார்.

தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். என் முறை வந்தபோது, "மாஸ்டர், துணியில தூசி தட்டுற மாதிரி தட்டாதீங்க" என்றார். மறுபடி செய்யச் சொன்னார். வகுப்பு முடிந்த பிறகும் என்னை நிறுத்தி வைத்துச் செய்யச் சொன்னார்.

நீ மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாஸ்டர்


ஜூன் 20

மாஸ்டருக்கு,

உங்கள் கடிதத்தை வார்டில் உரக்கப் படித்தேன். நர்ஸம்மா வகுப்பு வந்ததும் எல்லாருக்கும் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. சிஸ்டர் ஓடி வந்து திட்டினார். டீச்சரம்மா, "கொடுத்து வச்சவ நீ" என்றார்.

அதனால் நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்த மாத்திரை விஷயத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் அதைப் பார்த்தீர்கள், சரி. பார்க்காமல் விட்டது எது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் நீங்கள் ஒரே ஆள். அடுப்பும் நீங்கள்தான், மெஷினும் நீங்கள்தான், குழந்தையும் நீங்கள்தான். குளியலறைக்குப் போனால் யார் பார்ப்பது?

அக்காவுக்கு எழுதிவிட்டேன். சின்னவர்கள் இரண்டு பேருக்கும் பரீட்சை முடிந்ததும் வந்து எறும்பை அழைத்துக்கொண்டு போவாள். முரண்டு பிடிக்காதீர்கள். உங்களைப் பார்க்காமல் இருப்பதே எனக்குக் கஷ்டம், அதோடு இந்தச் சண்டையும் வேண்டாம்.

மாத்திரையை அங்கே விழவிட்டது நீதானே என்று எழுத வந்தீர்கள், எழுதாமல் விட்டீர்கள். தெரியும்.

வீட்டுக்காரி


ஜூன் 27

எறும்பின் அம்மாவுக்கு,

குளியலறைக்குப் போகும்போது அவளையும் தூக்கிக்கொண்டு போகிறேன். கதவோரம் பெரிய அலுமினிய அண்டா ஒன்று இருக்கிறதே, காலியாக, அதில் உட்கார வைத்தால் கரண்டியால் தட்டிக்கொண்டிருப்பாள். பக்கெட்டில் தண்ணீர் வைப்பதே இல்லை. குளித்து முடித்ததும் கவிழ்த்துவிடுகிறேன். அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தாலும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் எழத் தெரியாதாம்.

உன் அக்கா வரட்டும். காபி கொடுத்து அனுப்புகிறேன். குழந்தையைக் கொடுத்து அனுப்ப மாட்டேன்.

பேண்டு வாத்தியக் குழு ஒன்று மொத்தச் சீருடையும் என்னிடம் கொடுத்திருக்கிறது. சிவப்புக் கோட்டு, நெஞ்சில் இரட்டை வரிசைப் பித்தளைப் பொத்தான். எறும்புக்கு அதைப் பார்த்தாலே எச்சில் ஊறுகிறது. பொத்தான்களை எல்லாம் மூடி போட்ட டப்பாவில் அடைத்துப் பரண் மேல் ஏற்றிவிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பரணைப் பார்த்துத் திட்டுகிறாள். என்ன மொழி என்று தெரியவில்லை, கெட்ட வார்த்தைதான், சந்தேகமில்லை.

மாஸ்டர்


ஜூலை 9

உன் அக்காவுக்கு எழுது. பரீட்சை முடியும் வரை காத்திருக்க வேண்டாம், உடனே வரச் சொல். குழந்தையைக் கொடுத்துவிடுகிறேன். துணிமணி எல்லாம் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். நீ சொன்னதுதான் சரி.


ஜூலை 16

என்னங்க,

கடிதம் வந்ததும் ஆபீசுக்கு ஓடினேன். போன் பேச விடமாட்டோம் என்றார்கள். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு விட்டார்கள். எதிர்க்கடைக்காரர் உங்களைக் கூப்பிட்டு வர எத்தனை யுகம் ஆனது என்று எனக்குத்தான் தெரியும். நீங்கள் "நல்லா இருக்கா" என்றீர்கள். "என்ன ஆச்சு?" என்று கேட்டேன். மறுபடியும் "நல்லா இருக்கா" என்றீர்கள். அவள் உங்கள் இடுப்பில் இருந்தாள் போல, போனை வாயில் வைத்துக் கடிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் எனக்கு உயிர் வந்தது. இல்லாவிட்டால் மருந்தையும் டாக்டரையும் உதறிவிட்டு அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன்.

முரண்டு பிடித்த மனுஷன் இப்படிச் சட்டென்று மடங்கினால் எனக்குப் பயமாக இருக்கிறது. கடிதத்தின் தலைப்பில் என் பெயரும் இல்லை, கீழே உங்கள் பெயரும் இல்லை. என் அச்சகத்து மேசைக்குப் பிழை திருத்த வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அக்காவுக்கு நான் இன்னும் எழுதவில்லை. என்ன நடந்தது என்று எழுதுங்கள். ஒன்றையும் மறைக்காதீர்கள். தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியாது.

வீட்டுக்காரி


ஜூலை 23

எறும்பின் அம்மாவுக்கு,

எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டதில் குப்பைக்கூடை நிறைந்துவிட்டது. இப்போது எப்படி வருகிறதோ அப்படியே எழுதுகிறேன்.

பேண்டில் பெரிய டிரம் அடிப்பவர் ஒருவர் இருக்கிறார். ஆளும் டிரம் மாதிரிதான். கோட்டைப் போட்டுப் பார்க்க மத்தியானம் வந்தார். எறும்பு விழித்திருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவளை உயர நாற்காலியில் உட்கார வைத்து வாரைக் கட்டி, கையில் கரண்டியைக் கொடுத்திருந்தேன். நான் டிரம்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்று தோளுக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தேன். அவர் கையில் ஒரு பொட்டலம் திராட்சை. தின்றுகொண்டே அவளுக்கு வேடிக்கை காட்டினார். நல்ல மனுஷன். அவள் கையை நீட்டினாள். அவர் கதவுக்கு மேலே குனிந்து ஒரு பழத்தைக் கொடுத்துவிட்டார். முழுசாக. என் கண்ணுக்கு எதிரே சிவப்புத் துணி மட்டும்தான்.

நானும் ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி, பொத்தான், மாத்திரை, இவற்றைத்தான் நான் பார்ப்பேன். பழத்தைப் பார்க்கவில்லை.

அவள் கத்தவில்லை. அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். இருமவில்லை, அழவில்லை, ஒரு சத்தமும் இல்லை. தட்டிக்கொண்டிருந்த கரண்டியின் சத்தம் நின்றது. அது நின்றதால்தான் திரும்பினேன். தைக்கும்போது எனக்குக் காது கேட்காது என்பாயே, இந்தச் சில மாதமாக எனக்கு அந்தக் கரண்டி மட்டும் கேட்கும்.

வாய் திறந்திருக்கிறது. கண் பெரிதாகி என்னையே பார்க்கிறது. உதட்டின் நிறம் மாறிவிட்டது. டிரம்காரர், "ஐயோ, விக்குது, தண்ணி குடுங்க, தண்ணி குடுங்க" என்று கத்தினார். அவளுடைய வாய்க்குள் விரலை விடப் போனார். அவரை நான் எப்படித் தள்ளினேன் என்று தெரியவில்லை, அவ்வளவு பெரிய ஆள் போய்ச் சுவரில் மோதினார். வாரை அவிழ்த்து அவளை என் முன்கையில் குப்புறப் போட்டேன். தலை கீழே, தாடை என் உள்ளங்கையில். கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடியால் அடித்தேன். வரவில்லை. மறுபடி அடித்தேன். வரவில்லை. நர்ஸம்மா என் காதுக்குள் நின்றுகொண்டு, "தூசி தட்டாதீங்க மாஸ்டர், அடிங்க" என்கிறார். என் குழந்தையை நான் அப்படி அடித்தேன். அதற்கப்புறம்தான் அது வந்து தரையில் விழுந்தது. ஒரு பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

அப்புறம் அவள் அழுதாள். அந்த அழுகை மாதிரி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. டிரம்காரர் கோட்டில் ஊசிகளோடு தரையில் உட்கார்ந்து அவரும் அழுதார். அதே கோட்டோடு எங்களை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் நெஞ்சைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், படம் எடுத்தார். சாயங்காலம் வரை வைத்திருந்து, "ஒண்ணும் இல்ல, கூட்டிட்டுப் போங்க" என்றார். முதுகில் என் கை பட்ட இடம் சிவந்திருந்தது. மறுநாள் மறைந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் தெரிகிறது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கரண்டியைக் கேட்டாள். எனக்குத்தான் கை நடுங்கி ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. இப்போதும் சரியாக வரவில்லை.

பார்க்காமல் விட்டது எது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாயே. அதனால்தான் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

மாஸ்டர்


ஜூலை 30

என் மாஸ்டருக்கு,

அக்காவுக்கு எழுதிவிட்டேன். குழந்தையை அழைத்துப்போக வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். ஆசையிருந்தால் பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தை நான் உரக்கப் படிக்கவில்லை. தனியாகப் படித்தேன், பிறகு தோட்டத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்து மறுபடி படித்தேன். அழுதேன். அழுகை நின்றதும் எனக்கு ஒன்று தோன்றியது. அதைச் சொல்லிவிடுகிறேன், நடுவில் பேசாதீர்கள்.

என் பிழைப்பு பிழை பார்ப்பது. ஒரு பக்கத்தைக் கொடுத்தால் சரியாக இருக்கிற வரி எதுவும் என் கண்ணில் படாது, தப்பாக இருக்கும் ஒரே எழுத்து படும். உங்கள் கடிதத்தில் நீங்களும் அப்படித்தான் உங்களைப் படித்திருக்கிறீர்கள். பழத்தைப் பார்க்கவில்லை, பழத்தைப் பார்க்கவில்லை என்று அதையே திருப்பித் திருப்பி எழுதுகிறீர்கள். நான் வேறு எதையோ படித்தேன். ஒரு குழந்தை சத்தமில்லாமல் மூச்சு முட்டிக்கொண்டிருந்தபோது, சத்தம் நின்றதைக் கேட்டுத் திரும்பிய ஒரு ஆள் அந்த வீட்டில் இருந்தார். அவருக்கு என்ன செய்வதென்று தெரிந்திருந்தது. கூச்சப்படாமல் பெண்கள் நடுவில் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டதால் தெரிந்திருந்தது. தன் குழந்தையை அடிக்க வேண்டிய நேரத்தில் அடித்தார்.

நானாக இருந்தால்? உண்மையைச் சொல்கிறேன். நான் தண்ணீர் கொடுத்திருப்பேன். வாயில் விரலை விட்டிருப்பேன். டிரம்காரர் செய்யப் போனதைத்தான் நானும் செய்திருப்பேன். அக்காவும் அதைத்தான் செய்திருப்பாள். மூன்று பிள்ளைகளை வளர்த்தவள்தான், ஆனால் அவள் வீட்டில் அப்படி ஒரு பழம் யார் தொண்டையிலும் நிற்கவில்லை, அவ்வளவுதான். அங்கே எறும்பை அனுப்பியிருந்தால் ஆள் நிறைய இருந்திருக்கும். கரண்டிச் சத்தம் யார் காதில் விழுந்திருக்கும்?

எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. கடவுளே வந்து உட்கார்ந்தாலும் ஒரு நிமிஷம் கண் அயர்வார். பார்க்காததற்கும் தயாராக இருந்தீர்கள் பாருங்கள், எனக்கு அது போதும். நேற்று பெரிய டாக்டர் வந்தபோது வெட்கத்தை விட்டுச் சொன்னேன், "என் வீட்டுக்காரர் ஒரு காரியம் பண்ணியிருக்கார், கேக்கிறீங்களா?" என்று. நின்று கேட்டார். "சரியா பண்ணியிருக்கார்மா" என்றார். எனக்கே தங்க மெடல் குத்திவிட்ட மாதிரி இருந்தது.

இப்போது வார்டில் எல்லாரும் தலையணையைக் கையில் குப்புறப் போட்டு அடித்துப் பழகுகிறோம். சிஸ்டர்தான் சொல்லிக்கொடுக்கிறார். வெளியே பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர்கள்தானே பாதிப் பேர். டீச்சரம்மா அடிக்கிற அடியில் பஞ்சு பறக்கிறது.

கை நடுக்கம் நிற்கும். நிற்கும் வரை ஊசியைத் தொடாதீர்கள். பேண்டுக்காரர்கள் கோட்டு இல்லாமலும் ஊதுவார்கள். குழந்தை உங்களிடம்தான் இருக்க வேண்டும். எனக்கு அப்போதுதான் இங்கே தூக்கம் வரும்.

உங்கள் வீட்டுக்காரி


அக்டோபர் 14

எறும்பின் அம்மாவுக்கு,

உன் ஜூலைக் கடிதத்துக்கு நான் ஒழுங்காகப் பதிலே எழுதவில்லை, நலம் நலமறிய ஆவல் என்று கார்டாகவே போட்டுக்கொண்டிருந்தேன். உனக்குக் கோபம் இருக்கும். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

கை நடுக்கம் போய்விட்டது. கோட்டுகள் எல்லாம் முடிந்துவிட்டன.

உன் அக்கா வந்துவிட்டுப் போனார். கதவுத் தாழ்ப்பாளைத் திறக்கத் தெரியாமல் கடையில் நின்று, "தம்பி, இது வீடா ஜெயிலா?" என்று கேட்டார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு எறும்பை மடியில் எடுத்தார். நான் எறும்பை எடுத்துக்கொண்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் பாக்காத பிள்ளையா?" என்றார். "காபி சூடா இருக்கு அண்ணி. குடிச்சிட்டு எடுத்துக்குங்க" என்றேன். இரண்டாம் நாள் அவரே டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் அவளைக் கூப்பிட்டார். கிளம்பும்போது என் அளவு டேப்பை வாங்கிக் கதவை அளந்துகொண்டார். பெரியவனுக்குக் குழந்தை பிறக்கப் போகிறதாம். கொடுத்து அனுப்பியது அந்த அளவை மட்டும்தான்.

டிரம்காரர் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கடைக்கே வரவில்லை. கோட்டை வேறு ஆளை அனுப்பி வாங்கிக்கொள்ளப் பார்த்தார். நான் போய்க் கூட்டிவந்தேன். இப்போது வாரம் தவறாமல் வருகிறார். வாழைப்பழம் கொண்டுவந்து, கட்டை விரலால் மசித்து, என்னிடம் காட்டி, "இது போதுமா மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார். நர்ஸம்மா வகுப்புக்கும் அழைத்துப்போனேன். இரண்டு நாற்காலி போட்டார்கள் அவருக்கு.

எறும்பு நடக்கிறாள். ஆகவே மறுபடியும் வீடு மாறிவிட்டது, அலமாரியில் இன்னொரு தட்டு காலி செய்தாயிற்று. நாற்காலியை இழுத்துப் போட்டு ஜன்னலில் ஏறப் பார்க்கிறாள். ஜன்னலுக்குக் கீழே நாற்காலி போடுவதில்லை என்று ஆகிவிட்டது.

டிசம்பரில் விடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து எதைத் தைத்தாலும் இரட்டைத் தையல் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும், மனதைப் புண்படுத்தச் சொல்லவில்லை. அவளுக்கு உன்னைத் தெரியாது. உன் போட்டோவைக் காட்டி அம்மா என்கிறேன், அவள் போட்டோவைக் கடிக்கிறாள். வந்ததும் கை நீட்டினால் என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். உனக்கு வலிக்கும். தூக்க அவசரப்படாதே. பக்கத்தில் உட்கார்ந்து உன் பாட்டுக்கு எதையாவது செய். அவளாக வருவாள்.

மாஸ்டர்


டிசம்பர் 19

என் மாஸ்டருக்கு,

வீடு திரும்பிய சில நாளிலேயே, நம் வீட்டிலிருந்து உங்களுக்குக் கடிதம் எழுதுவேன் என்று நினைத்தே பார்க்கவில்லை. கோட்டுகளைக் கவனித்துக்கொள்ளப் பேண்டுக்காரர்களோடு போட்டிக்கு வெளியூர் போயே ஆக வேண்டுமா என்று நீங்கள் தயங்கியபோது, "போங்க, நான் பாத்துக்கிறேன்" என்று நான்தான் வீறாப்பாகச் சொன்னேன். டிரம்காரரின் மனைவி நாளைக்கு அங்கே வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிளாரினெட்காரர் கோட்டுக்கு நடுமேடையில் தையல் விட்டால் இதைப் படித்துக்கொண்டே நிற்காதீர்கள், ஓடிப்போய்த் தையுங்கள்.

இன்று காலை நீங்கள் தெருமுனை திரும்பியதும் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் தூக்கவில்லை. நீங்கள் சொன்ன மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். அவளும் அழுதாள், நானும் அழுதேன், எனக்கு வெங்காயம் ஒரு சாக்கு. கொஞ்ச நேரம் கழித்து ஒரு வெங்காயத் தோலை எடுத்து என் மடியில் வைத்தாள். பிறகு இன்னொன்று. எல்லாத் தோலையும் கொண்டுவந்து வைத்துவிட்டு என் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள். மூச்சு விட நேரமில்லை. பால் கொதிக்கும்போது எங்கே நிற்கிறாள் என்று பார்க்க வேண்டும். இஸ்திரி போடலாமென்று எடுத்தேன், பயந்து வைத்துவிட்டேன். குளிக்கப் போகவில்லை, மறந்தே போனேன். மத்தியானம் அவள் தூங்கியதும், மூச்சு விடுகிறாளா என்று எட்டிப் பார்த்தேன். வந்து உட்கார்ந்தேன். மறுபடி போய்ப் பார்த்தேன். நீங்களும் இப்படித்தான் செய்திருப்பீர்கள். ஒரு கடிதத்தில்கூட எழுதவில்லை. களைப்பாக இருக்கிறது என்று ஒரு கடிதத்தில்கூட நீங்கள் எழுதவில்லை. நான் ஒரு பகல் பார்த்ததற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று, நீங்கள் இத்தனை மாதமும் மெஷினையும் மிதித்துக்கொண்டு பார்த்திருக்கிறீர்கள்.

துவைத்த துணியை மடிக்கும்போது உங்கள் பேண்ட்டுகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இரண்டு முட்டியும் தேய்ந்து, உள்பக்கமாக ஒட்டுத்துணி வைத்துத் தைத்திருக்கிறது. வெளியே தெரியாத மாதிரி அவ்வளவு நுணுக்கமாக. நான் நல்ல தையல்காரரைக் கட்டிக்கொண்டவள் என்று எனக்குத் தெரியும். இந்தத் தையலைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எதிர்க்கடைக்காரரின் மருமகள் கைக்குழந்தையோடு வந்தாள். மாஸ்டர் இருக்காரா என்று கேட்டாள். பிள்ளைக்கு விக்கினால் என்ன செய்வதென்று உங்களிடம் கேட்டுப் பழகிக்கொள்ளச் சொல்லி மாமனார் அனுப்பினாராம். நீங்கள் ஊரில் இல்லை என்றேன். முகம் வாடிவிட்டது. "உள்ள வா, நானே காட்டறேன்" என்றேன். தலையணையை எடுத்துக் கையில் குப்புறப் போட்டுக் காட்டினேன். அவள் மெதுவாகத் தட்டினாள். நான் சிரித்துவிட்டு, "அப்படியில்ல, நல்லா அடி" என்றேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எறும்பு எழுந்துவிட்டாள். தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்று "ப்பா, ப்பா" என்று உங்களைத்தான் கூப்பிட்டாள். போய் எதிரே நின்றேன். "அப்பா ஊருக்குப் போயிருக்காருடா. நான் இருக்கேன்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் தூக்கினாள்.

தூக்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறது, திருத்தப் போவதில்லை.

உங்கள் வீட்டுக்காரி